வந்தவழியும் இரண்டாவது அட்டவணையும்

மதுரை வட்டாரத்தில் இதுவரை பிறந்த மனிதர்களில், கேள்வி எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகவே பதிலை அனுப்பியவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் வந்தவழி. பெற்றோர் வைத்த பெயர் வேறு; அது சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அதை நான் இங்கே எழுதினால் இந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு மறுப்புக் கடிதம் வரும். அது இதே பக்கத்தில், இதே அளவு எழுத்தில் அச்சாக வேண்டும் என்று அடிக்குறிப்பும் இருக்கும். ஆகவே வந்தவழி என்றே இருக்கட்டும்.

சமயநல்லூர் தாண்டி நான்குவழிச் சாலையை ஒட்டியிருக்கிற ஒரு மிஷன் கல்லூரியில் நான் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தேன். கடைசிப் பன்னிரண்டு வருஷம் அலுவலகக் கண்காணிப்பாளர். கல்லூரியை முதல்வர் ஃபாதர் நடத்துவதாகத்தான் வெளியே பேச்சு. உள்ளே எந்தக் காகிதமும் என் மேஜையைத் தொடாமல் அவர் மேஜைக்குப் போனதில்லை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கிய மனிதன் நான். அந்தச் சம்பளத்துக்கு ஒரு நாளும் துரோகம் செய்ததில்லை.

கணினிப் பிரிவுக்குத் தற்காலிக ஊழியராக வந்தவழி சேர வந்த முதல் நாள், அவர் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் அலுவலக உதவியாளர் ஆரோக்கியத்தைக் கூப்பிட்டேன். “அந்தத் தம்பி ஒரிஜினல் சர்ட்டிபிகேட் கொண்டாந்திருக்காரான்னு கேட்டுட்டு வா.”

ஆரோக்கியம் போய்க் கேட்டார். வந்தவழி நேராக உள்ளே வந்தார், என் மேஜைக்கு ஒரு முழ தூரத்தில் நின்றார், ஆரோக்கியத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“அண்ணே, கொண்டாந்திருக்கேன்னு சார்கிட்ட சொல்லிருங்க.”

“ஏய்யா, நான் இங்கதான உக்காந்திருக்கேன்?”

“இது நேர்ல கேட்ட கேள்வி சார். ஆமா சார், இங்கதான் உக்காந்திருக்கீங்க.”

ஆரோக்கியம் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கடமை தவறாமல், “சார், கொண்டாந்திருக்காராம்” என்றார்.

ஏதோ பயத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். பயமில்லை, அது கொள்கை. மாடியிலிருந்து கத்திக் கேட்டால் கீழிருந்து கத்துவார். காதில் கிசுகிசுத்தால், பதில் சொல்ல நம் காதைத் தேடி வருவார். துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினால் அதே சீட்டின் பின்பக்கத்தில் பதில் வரும். ஒருமுறை கல்லூரி விழாவில் ஃபாதர் மைக்கைத் தட்டி, “கடைசி வரிசைக்குக் கேக்குதா?” என்றார். கடைசி வரிசையில் இருந்த வந்தவழி எழுந்தார். அரங்கத்தின் முழு நீளமும் நடந்தார். மேடை ஏறினார். மைக்கை வாங்கி, “கேக்குது ஃபாதர்” என்றார். இறங்கி, வந்த பாதையிலேயே நடந்து போய் உட்கார்ந்தார். மாணவர்கள் கைதட்டி ஓய ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஃபாதர் என்ன பேச வந்தார் என்பதை அவரே மறந்துபோனார்.

வீட்டிலும் இதே கதைதான் என்பது ஆரோக்கியம் கொண்டுவந்த செய்தி. மனைவி கோபித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரி மூலம் “சாப்பிட வாராகளான்னு கேளுங்க” என்று கேட்டனுப்பினாராம். இவர் பக்கத்து வீட்டுக்காரி மூலமே “வாரேன்” என்று சொல்லியனுப்பினாராம். அந்த அம்மாள் அதைச் சொல்ல மறந்து ரேஷன் கடைக்குப் போய்விட, சோறு ஆறிப்போய்ச் சண்டை மூன்று நாள் நீண்டதாம்.

இதெல்லாம் கோணங்கித்தனம் என்று விட்டிருக்கலாம். ஆனால் மனிதர் சந்தேகப் பிராணியும்கூட. போனில் கூப்பிட்டால், “பேசுறது நீங்கதான்னு எனக்கு எப்படி சார் தெரியும்?” என்பார்.

“என் குரல் தெரியலையா?”

“குரல யாரு வேணா குடுக்கலாம் சார்.”

என்னையே சந்தேகப்படும் ஓர் ஆளை அந்த அலுவலகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு நாட்டுக்கு இரண்டு ராஜா எப்படி? அன்றிலிருந்து அவரை நானும் கவனிக்க ஆரம்பித்தேன்.

முதலில் சிக்கியது அந்தப் பெட்டி. கல்லூரியின் இன்டர்நெட் முழுவதையும் ஒரு பழைய கம்ப்யூட்டர் வழியாகத் திருப்பிவிட வேண்டும் என்றும், அதில் லினக்ஸ் என்ற மென்பொருளைப் போட வேண்டும் என்றும் குறிப்பு எழுதினார்.

“லினக்ஸ் என்ன விலை?” என்றேன்.

“சும்மாதான் சார். யாரு வேணா எடுத்துப் போட்டுக்கலாம். உள்ள என்ன எழுதியிருக்குன்னும் பாத்துக்கலாம்.”

“சும்மா குடுக்கிறவனுக்கு என்ன லாபம்?”

“லாபம் இல்ல சார்.”

 மதுரையில் சும்மா கொடுக்கிறவர்கள் இரண்டே வகை. ஒருவர் தேர்தலில் நிற்பவர். இன்னொருவர் நம் நிலத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரர். எதற்கும் மூன்று விலைப்புள்ளி கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார். மூன்றும் பூஜ்யம். ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, குறைந்த பூஜ்யத்தைத் தேர்ந்தெடுத்து, ஃபாதரிடம் ஒப்புதல் வாங்கினேன். தணிக்கைக்கு வந்தவர் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

அடுத்து, இரண்டு லைன். ஒரு கம்பெனியின் லைன் இருக்கும்போதே இன்னொரு கம்பெனியிடமிருந்தும் ஒன்று வேண்டும் என்றார். “ஒன்னு செத்தா இன்னொன்னு சார்.” அவரிடம் எல்லாமே இரண்டுதான். இரண்டு போன், இரண்டு குடை, இரண்டு மூக்குக் கண்ணாடி. எல்லாவற்றையும் இரண்டாக வைத்திருப்பவன் எதையோ மறைக்கிறான் என்பது என் அனுபவம்.

இரண்டாவது லைனும் வந்தது. முதல் லைனில் பேராசிரியர்கள் ஆராய்ச்சி செய்தார்கள். ஆராய்ச்சி என்றால் கிரிக்கெட். அந்த நெரிசலில் மாணவர் சேர்க்கை விண்ணப்பம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, விண்ணப்பப் பக்கத்தை மட்டும் அதே பெட்டியில் இரண்டாவது லைனின் முகவரியில் வைத்தார் வந்தவழி. வெளியூர்ப் பிள்ளைகள் அந்த முகவரிக்கு வருவார்கள், படிவத்தை நிரப்புவார்கள், போவார்கள். வருஷக்கணக்கில் ஒரு புகார் வந்ததில்லை. புகாரே வராத இடத்தை நான் எப்போதும் கூடுதலாகச் சந்தேகிப்பேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் நடந்தது இது. பதினொரு வருஷம் தற்காலிகமாகவே ஓடிவிட்ட வந்தவழியின் பணி நிரந்தரக் கோப்பு ஒருவழியாக நிர்வாகக் குழுவுக்குப் போகவிருந்தது. அப்போது வரவிருந்த திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள் கூட்டம். அதைத் தவறவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். பிறகு ஓய்வு வரை தற்காலிகம்தான். கோப்பில் என் குறிப்பு மட்டும் பாக்கி.

அந்தச் சமயத்தில் அவருடைய அம்மாவுக்குத் திருவாதவூரில் கண் ஆபரேஷன். இரண்டு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒட்டிய கவர் ஒன்றை என்னிடம் தந்தார். ஒட்டிய இடத்தின் மேல் குறுக்கே கையெழுத்து.

“பெட்டியோட பாஸ்வேர்டு சார். உங்க பீரோல இருக்கட்டும். ஆபத்துக்கு மட்டும். மத்தபடி பெட்டிய யாரும் தொடாமப் பாத்துக்கங்க.”

தொடாதே என்று சொல்லப்பட்டதைத் தொட்டுப் பார்ப்பதற்காகவே கண்காணிப்பாளர் பதவி உண்டாக்கப்பட்டது. நிரந்தரமாக்கப் போகிற ஒருவர் அப்படி எதை அந்தப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்? குறிப்பு எழுதும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது என் கடமை அல்லவா? ஊருக்குள்ளிருந்து ஓர் எஞ்சினியரை வரவழைத்தேன். டை கட்டியிருந்தார். மதுரை வெயிலில் டை கட்டுகிற மனிதரை நான் சந்தேகித்திருக்க வேண்டும். என் வாழ்நாள் சந்தேகம் அன்று ஒரே ஒரு நாள் தற்செயல் விடுப்பில் போயிருந்தது.

ஆரோக்கியத்தையும் நூலகரையும் சாட்சியாக வைத்து, நேரம் குறித்து, முறைப்படி கவரைப் பிரித்தேன். எஞ்சினியர் அரைமணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“சார், இதுல ரெண்டு டேபிள் இருக்கு.”

“என்ன டேபிள்?”

“எந்தச் சரக்கு, அதான் டேட்டா, எந்த வழியாப் போகணும்னு எழுதி வச்சிருக்கிற அட்டவணை சார். மெயின் அட்டவணை ஒன்னு இருக்கு, அது கரெக்டா இருக்கு. இவரு தனியா ரெண்டாவது ஒன்னு போட்டு, அதுல வேற வழி எழுதி வச்சிருக்காரு. ‘இன்ன முகவரியிலேருந்து கிளம்புற சரக்கு மட்டும் ரெண்டாவதப் பாக்கணும்’னு ஒரு விதியும் போட்டிருக்காரு.”

“ரெண்டாவது எதுக்கு?”

“எழுதி வைக்கலையே சார். எனக்குத் தெரிஞ்சு எக்ஸ்ட்ராதான்.”

எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருவர் மேஜைமேல் ஒரு வருகைப் பதிவேடும், இழுப்பறைக்குள் இன்னொரு வருகைப் பதிவேடும் வைத்திருந்தால் அதற்குப் பெயர் எக்ஸ்ட்ரா அல்ல. அதற்கு வேறு பெயர், தனி விசாரணை, தனிக் கோப்பு எல்லாம் உண்டு.

“எடுத்துருங்க.”

“எடுத்துரவா சார்?”

“ஒரு ஆபீசுக்கு ஒரு ரிஜிஸ்டர்தான்.”

எடுத்தார். மறுபடி பெட்டி எழுந்திருக்கும்போது அது திரும்பி வந்துவிடாதபடி, ஆரம்பக் கோப்பிலிருந்தும் எடுத்தார். என் மேஜைக் கம்ப்யூட்டரில் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பளிச்சென்று திறந்தது. உண்மையைச் சொன்னால் ஒரு திருப்தி. சட்டையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துப் போட்டதுபோல.

மறுநாளிலிருந்து ஒரு விண்ணப்பம் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் வாடிப்பட்டியிலிருந்து ஒரு தகப்பனார் மகளோடு வந்து நின்றார்.

“என்ன சார் உங்க காலேஜு? மூணு நாளா செல்லுல ஒரு வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. எம் பிள்ளைக்குத் தலையே சுத்திப்போச்சு.”

“நல்லாத் தொறக்குதே. இங்க பாருங்க” என்று என் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

“உங்களுக்குத் தொறக்கும் சார். உங்க வீடு, உங்க கதவு.”

அவர் செல்போனையே வாங்கிக் கல்லூரி வைஃபையில் போட்டேன். திறந்தது. அவரை அழைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனேன். வட்டம் சுற்றியது. உள்ளே வந்தோம், திறந்தது. வெளியே போனோம், சுற்றியது. வாட்ச்மேன் எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்தார்.

“உள்ள வந்தாத் தொறக்குது, வெளிய போனா மூடுது. இது என்ன சார், ராகுகாலம் பாக்குதா?” என்றார் வாடிப்பட்டிக்காரர்.

விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிதான் கடைசி நேரம். எனக்கு முதலில் பக்கத்துக் கல்லூரிமேல் சந்தேகம் வந்தது. பிறகு லைன் கம்பெனிமேல். பிறகு வாடிப்பட்டிக்காரர்மேல்கூட வந்தது. கடைசியில் சந்தேகம் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தது. போகும்போது ஏதோ கண்ணி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் வந்தவழி! ‘யாரும் தொடாதீங்க’ என்றாரே, ஏன் சொன்னார்?

ஃபாதரிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

“அவர்ட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“முறைப்படி கேட்கிறேன் ஃபாதர்.”

முறைப்படி என்றால் மெமோ. மூன்று பத்தி எழுதினேன். விண்ணப்பப் பக்கம் முடங்கியதற்குத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, பணி நிரந்தரப் பரிசீலனையிலிருந்து தங்கள் பெயரை ஏன் நீக்கக் கூடாது என்று கேட்டேன். மறு உத்தரவு வரும்வரை பெட்டியைத் தொடக் கூடாது என்றும் சேர்த்தேன். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். கையோடு அவர் கோப்பைக் குழுவுக்குப் போகிற கட்டிலிருந்து உருவித் தனியே வைத்தேன்.

வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் போன் போட்டேன்.

“மெமோ வந்துச்சா?”

“வந்துச்சு சார். கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன்.”

“வாங்கிட்டு? என்ன ஆச்சுன்னு சொல்லுமய்யா!”

“பதில் எழுதி இப்பத்தான் பதிவுத் தபால்ல போட்டுட்டு வாரேன். சனிக்கிழம உங்க கைக்கு வந்துரும்.”

“நாளைக்கு அஞ்சு மணிக்கு அப்ளிகேஷன் முடியுது!”

“அத நீங்க தபால்ல போடும்போதுல்ல சார் நெனைச்சிருக்கணும்?”

“இப்ப போன்ல கேக்குறேன்ல?”

“தபால்ல வந்ததுக்கு நான் போன்ல பதில் சொன்னா, பெறகு ‘விளக்கம் பெறப்படவில்லை’ன்னு எழுதுவீங்க சார். எனக்குத் தெரியும்.”

 அவர் சொன்னது பொய்யில்லை. ‘விளக்கம் பெறப்படவில்லை’ என்ற இரண்டே வார்த்தையில் இரண்டு பேரை நான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். இருவருமே என் எதிரில் நின்று, வாய் வலிக்க விளக்கம் சொன்னவர்கள்தான்.

“சரி, பெட்டிய எப்படிச் சரி பண்றதுன்னாவது சொல்லும்.”

“பெட்டியத் தொடக் கூடாதுன்னு எழுத்துல உத்தரவு வந்திருக்கு சார். எழுத்துல வந்தது எழுத்துலதான் போகணும். அதோட, பேசுறது நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும்? வேற எதாவது கேளுங்க சார், சொல்றேன்.”

“வேற என்னத்தய்யா கேக்குறது?”

“அம்மா கண்ணு எப்படி இருக்குன்னு கேக்கலாம்.”

கேட்டேன். “கட்டு அவுத்தாச்சு சார், நல்லாத் தெரியுதாம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை நான் பஸ் ஏறினேன். முப்பத்துமூன்று வருஷத்தில் விசாரணைக்காக எதிராளியின் வீட்டுக்கே நான் போவது அதுதான் முதல் தடவை. விதிமுறையில் அதற்கு இடமில்லை. இடமில்லாத ஒன்றைச் செய்ததால் அதற்கு ஒரு குறிப்பும் எழுத முடியவில்லை.

திருவாதவூரில் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். வந்தவழி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அம்மா கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார்.

“யாருடா அது? இன்சூரன்சுக்காரவுகளா?”

“இல்லம்மா. எங்க ஆபீசு சூப்பிரண்டு.”

“மெமோ குடுத்த ஆளா? வெயில்ல வந்திருக்காரு, மோரு குடிக்கிறாகளான்னு கேளு.”

“சார், மோரு குடிக்கிறீகளான்னு அம்மா கேக்குறாக.”

அந்த அம்மாள் எனக்கு ஒரு கை தூரத்தில் இருந்தார். நேராகவே சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? “குடிக்கிறேன்னு அம்மாகிட்ட சொல்லுங்க.”

வந்தவழி என்னை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

மோர் வந்தது. நேரில் கேட்டேன். நேரில் கேட்டதால் நேரில் பதில் வந்தது. ஆனால் முதலில் அவர்தான் கேள்வி கேட்டார்.

“கவரப் பிரிச்சீங்களா சார்?”

“பிரிக்கப்பட்டது.”

“ரெண்டாவது டேபிள்?”

“நீக்கப்பட்டது.”

தலையில் அடித்துக்கொள்ளவில்லை. மோர்ச் செம்பை எடுத்து என் டம்ளரை மறுபடி நிரப்பினார். அது இன்னும் மோசம்.

“சார், மீனாட்சி கோயிலுக்கு விருந்தாளியக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?”

நான் மாதா கோயில் ஆள்தான். ஆனால் தூத்துக்குடியிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஊர் சுற்றிக் காட்டுவது யார்? “போயிருக்கேன்” என்றேன்.

“கிழக்கு வாசல்ல செருப்ப விட்டு டோக்கன் வாங்குறீங்க. உள்ள சுத்திட்டு, இதுதான் பக்கம்னு தெக்கு வாசல் வழியா வெளிய வாறீங்க. அங்க இருக்கிற செருப்பு ஸ்டாண்டுல டோக்கன நீட்டுனா?”

“ஏது இந்த டோக்கன், எங்களுது இல்லையேம்பான்.”

“அம்புட்டுத்தான் சார். வெளிய இருக்கிற பிள்ள ரெண்டாவது லைன் வழியா வந்து கேள்வி கேக்குது. கேள்வி பெட்டிக்கு வந்து சேந்துருது. பெட்டியும் பதில் எழுதிருது. ஆனா மெயின் அட்டவணை மட்டும் இருந்தா, பதிலு மொத லைன் வழியாப் போகும். கையில இருக்கிறது ரெண்டாவது லைன் முகவரி. மொத லைன்காரன் பாப்பான், ‘இது எங்க முகவரி இல்லையே, எவனோ கள்ளத்தனமா வாரான்’னு தூக்கிக் கெடாசிருவான். வந்த வழியாப் போனாத்தான் சார் போய்ச் சேரும். அதுக்குத்தான் ரெண்டாவது டேபிளு.”

“அப்ப எங்களுக்கு மட்டும் எப்படித் தொறந்துச்சு?”

“நீங்க கோயிலுக்குள்ளயே குடியிருக்கீங்க. உங்களுக்குச் செருப்பு எதுக்கு?”

தூத்துக்குடி அத்தானை வைகாசி வெயிலில் வெறுங்காலோடு தெற்கு வாசலிலிருந்து கிழக்கு வாசலுக்கு நடத்திக் கூட்டிப்போனது ஞாபகம் வந்தது. அவர் அதற்குப் பிறகு மதுரைக்கே வரவில்லை. அந்த ஒரு கணத்தில், முப்பத்துமூன்று வருஷம் கோப்பு பார்த்து எனக்குப் புரியாமல் போனது உள்ளங்காலில் புரிந்தது.

“கிளம்பும்யா. போய்ச் சரி பண்ணுவோம்.”

“தொடக் கூடாதுன்னு உத்தரவு இருக்கே சார்.”

அவர் அம்மாவின் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் உத்தரவை ரத்து செய்து எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

“சீல் இல்லையே சார்.”

“ஏய்யா, மணி பன்னெண்டு!”

“சரி, என் கண்ணு முன்னாலதான் எழுதுனீங்க.” மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்தேன். ரிங் ரோடு வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம் என்றேன். விடுப்பில் ஊருக்கு வரும்போது ஒத்தக்கடை, கோரிப்பாளையம் வழியாக வந்தாராம். அப்படியே திரும்பினோம். கோரிப்பாளையம் சிக்னலில் நின்ற நேரத்தில் என் வாழ்க்கையில் செய்த தவறுகளை வரிசைப்படுத்த முடிந்தது. பட்டியல் நான் எதிர்பார்த்ததைவிட நீளம்.

இரண்டரைக்குப் பெட்டியின் முன் உட்கார்ந்தார். இரண்டாவது அட்டவணைக்கு ஒரு வரி. ‘இந்த முகவரியிலிருந்து கிளம்புவது அதைப் பார்த்துப் போகட்டும்’ என்று விதிக்கு ஒரு வரி. அவ்வளவே. ஆரோக்கியத்தைச் செல்போனோடு கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தோம்.

“தொறந்துருச்சுண்ணே!” என்று சாலையிலிருந்து ஆரோக்கியம் கத்தினார்.

“சரிண்ணே!” என்று வந்தவழி ஜன்னலுக்குப் போய்க் கத்தினார்.

பிறகு, யார் யார் பெட்டிக்குள் வந்தார்கள் என்று பெட்டி தானே எழுதி வைத்திருந்த பட்டியலைத் திறந்தார். தேதி, நேரம், என் கவரின் பாஸ்வேர்டு, நீக்கிய வரிகள், எல்லாம் இருந்தன. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். விறுவிறுவென்று கீழே தள்ளிவிட்டுத் திரையை அணைத்தார்.

அன்று மாலைக்குள் விண்ணப்பங்கள் குவிந்தன. ஃபாதர் கடைசித் தேதியை மூன்று நாள் தள்ளி வைத்தார். ‘நிர்வாகக் காரணங்களால்’ என்று அறிவிப்பு எழுதினேன். அந்த நிர்வாகக் காரணம் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை அவருடைய பதிவுத் தபால் வந்தது. ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போட்டேன். பிரிக்க மனமில்லை. எனக்கு எதிராக அத்தனை சாட்சியும் அவர் கையில் இருந்தது. நான் அவர் இடத்தில் இருந்தால் பதினாறு பக்கம் எழுதி, இணைப்பு ஒன்று முதல் ஒன்பதுவரை கோத்து, ஃபாதருக்கும் குழுவின் தலைவருக்கும் நகல் அனுப்பியிருப்பேன்.

நகல் யாருக்கும் இல்லை. ஒரே பக்கம்.

‘இரண்டாவது அட்டவணை நீக்கப்பட்டிருக்கலாம் என்று தெரிகிறது. வெளியிலிருந்து பெட்டிக்குள் என்னாலும் வர முடியவில்லை என்பதை வைத்துச் சொல்கிறேன். அது எதற்காக இருக்கிறது என்று அதன் அருகில் நான் குறிப்பு எழுதி வைக்கவில்லை. எனக்குத் தெரிந்தால் போதும் என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். குறிப்பு இல்லாததை ஒருவர் தேவையற்றது என்று கருதினால் குற்றம் அவருடையது அல்ல. என்னுடையது. எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.’

உறையைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தேன். வியாழக்கிழமை. நான் பஸ் ஏறுவதற்கு ஒரு நாள் முன்பு. கவரைப் பிரிக்கக்கூடிய ஆள் அந்தக் கல்லூரியில் நான் ஒருவன்தான் என்று அவருக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறார். இதை அப்படியே கோப்பில் வைத்தால் நான் தப்பித்தேன். திங்கட்கிழமை அவர் கதை முடிந்தது. எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கும். ஒருவரும் என்னை ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது.

அவர் கடிதத்தின் பின்னால் ஒரு தாளைச் சேர்த்தேன். கவரைப் பிரிக்கச் சொன்னவன் நான், அட்டவணையை நீக்கச் சொன்னவன் நான், மெமோ தவறானது, திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன். எழுதி முடிக்க முற்பகல் முழுவதும் ஆயிற்று. பழக்கமில்லாத எழுத்து. பிறகு அவர் கோப்பை எடுத்துக் கடைசிப் பத்திக்கு வந்தேன். என் பணிக்காலம் முழுவதும் யாருக்கும் நான் ‘ஆட்சேபணை இல்லை’ என்பதற்குமேல் எழுதியது கிடையாது. சொந்த மைத்துனனுக்கே அவ்வளவுதான். அன்று, ‘இவரை நம்மோடு நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதினேன்.

ஃபாதர் படித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“கேட்டுக்கொள்கிறேனா? நீங்களா? வழக்கமா எழுதுறத எழுதிக் குடுங்க, அதுவே போதும். திருத்திரலாமா?”

பேனா என் கையில்தான் இருந்தது. திருத்த மனம் வரவில்லை.